ஹார்லெம் நம்பர் ஆட்டம்: 527 விழுந்த நாளும் கைமாறிய தொழிலும்

ஏடுபிரட்டி

நியூயார்க்கின் ஹார்லெமில் நடந்த நம்பர் சூதாட்டத்தைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே கதைதான் வருகிறது. கறுப்பினத்தவர் தங்கள் பாட்டுக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள், பிராங்க்ஸிலிருந்து டச் ஷூல்ட்ஸ் என்ற யூத ரவுடி துப்பாக்கியோடு வந்தான், பிடுங்கிக்கொண்டான். பிடுங்கினான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் துப்பாக்கி ஒன்றே போதுமென்றால் 1925-லேயே வந்திருக்கலாம். அப்போதும் அவனைப் போன்றவர்களிடம் ஆளும் இருந்தது, கள்ளச்சாராயப் பணமும் இருந்தது. ஏன் 1931 வரை வரவில்லை?

என் கட்சி இது: கறுப்பின பேங்கர்கள் (கட்டும் பணத்தை வாங்கி, நம்பர் விழுந்தால் பரிசு கொடுக்கும் சூதாட்ட முதலாளிகள்) தோற்றது கையிருப்பில். பெரிய நம்பர் விழுந்த அன்று மறுநாள் காலைக்குள் பணம் பட்டுவாடா பண்ண வேண்டும். அந்த ஒரு ராத்திரிக்குக் கடன் கொடுக்க ஆள் இல்லாதவன் கடையை இழந்தான். துப்பாக்கி அதற்குப் பிறகுதான் வேலை செய்தது. மறுப்பவர்கள் கணக்கோடு மறுக்கவும்.

---

பழையகணக்கு

கணக்கு என்று கேட்டதால் ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். இது தெரியாமல் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

000 முதல் 999 வரை ஏதாவது மூன்று இலக்கத்தில் காசு கட்ட வேண்டும். ஒரு சென்ட்கூடக் கட்டலாம். ஏழைகளின் ஆட்டமானதே அதனால்தான். விழுந்தால் கட்டியதைப் போல 600 மடங்கு. உண்மையான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று.

நம்பர் எங்கிருந்து வந்தது என்பதில்தான் 1920-களின் புத்திசாலித்தனம் இருக்கிறது. அதற்கு முன் இருந்த 'பாலிசி' ஆட்டத்தில் உருளையைச் சுற்றி சீட்டு எடுப்பார்கள். எடுப்பவனே ஏமாற்றலாம். புது ஆட்டத்தில், நியூயார்க் வங்கிகள் தங்களுக்குள் காசோலைகளைத் தீர்த்துக்கொள்ளும் கிளியரிங் ஹவுஸ் தினமும் வெளியிடும் இரண்டு தொகைகளை எடுத்தார்கள். மொத்தத் தீர்வுத் தொகையின் 2-வது, 3-வது இலக்கங்கள், நிலுவைத் தொகையின் 3-வது இலக்கம். தீர்வு 642 மில்லியன், நிலுவை 118 மில்லியன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 42, அடுத்து 8. அன்றைய நம்பர் 428. சீடர் தெருவில் காலை பத்து மணிக்குத் தொகை வெளியானதும் ஹார்லெமுக்குப் போன் போய்விடும். சாயங்காலப் பேப்பரில் யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். வால் ஸ்ட்ரீட் வங்கிகளே கூட்டிக் கொடுத்த கணக்கு, இதில் எந்த பேங்கரும் கைவைக்க முடியாது. ஜனங்கள் நம்பினார்கள். இந்த முறைக்கு வழிகாட்டியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் காஸ்பர் ஹோல்ஸ்டீன். டேனிஷ் ஆட்சியில் இருந்த செயின்ட் க்ரோய் தீவில் பிறந்தவர்.

இப்போது பேங்கின் கணக்கு. உதாரணத்துக்கு ஒரு நாள் வசூல் 10,000 டாலர். எல்லா நம்பரிலும் சமமாகக் கட்டினால் நம்பருக்கு 10 டாலர். எது விழுந்தாலும் பட்டுவாடா 6,000. தெருவில் எழுதும் ரன்னர், அவருக்கு மேல் கன்ட்ரோலர், இவர்கள் கமிஷன் சேர்த்து 30 சதவீதம் என்று வைத்தால் 3,000. மிச்சம் 1,000. அதிலிருந்துதான் போலீஸ் மாமூல், ஜாமீன், வக்கீல், வாடகை.

ஆனால் ஜனங்கள் சமமாகக் கட்டுவதில்லை. கனவுப் புத்தகம் பார்த்துக் கட்டுவார்கள். செத்தவர் கனவில் வந்தால் 769, ஹார்லெமில் எல்லாருக்கும் அது மனப்பாடம். சர்ச்சில் பாடிய பாட்டின் எண், வீட்டு எண், பண்டிகைத் தேதி எல்லாம் உண்டு. ஒரு நம்பரில் 10 டாலருக்குப் பதில் 100 டாலர் குவிந்திருந்தால்? அது விழுந்தால் 60,000 கொடுக்க வேண்டும். கமிஷன் போக அன்று கையில் இருப்பது 7,000. துண்டு 53,000. நாளுக்கு 1,000 மிச்சம் என்ற கணக்கில் 53 நாள் சம்பாத்தியம் ஒரே அடியில் போச்சு.

இதற்கு இரண்டு தற்காப்பு உண்டு. ஒன்று, ஜனங்களுக்குப் பிடித்த நம்பர்களுக்கு மடங்கைக் குறைப்பது, 'கட் நம்பர்' என்பார்கள். இரண்டு, 'லே ஆஃப்': குவிந்த தொகையில் ஒரு பகுதியை நாமே இன்னொரு பெரிய பேங்கில் கட்டிவிடுவது. விழுந்தால் அங்கிருந்து வரும் பணத்தைக் கொண்டு இங்கே கொடுக்கலாம்.

---

கடற்காகம்

லே ஆஃப் இருந்ததென்றால் ஏடுபிரட்டியின் வாதம் அடிபடுகிறதே? ஒருவருக்கொருவர் பாரத்தைப் பகிர்ந்துகொண்டிருப்பார்களே.

---

பழையகணக்கு

@கடற்காகம், பகிர்ந்துகொண்டவர்கள் எல்லாரும் ஒரே தெருக்காரர்கள். ஒரே கனவுப் புத்தகம், ஒரே பண்டிகை, ஒரே நம்பர். என்னிடம் குவிந்த அதே நம்பர் உங்களிடமும் குவிந்திருக்கும். அப்போது உங்களிடம் நான் கட்டுவது, நனைந்தவன் நனைந்தவனிடம் துண்டு கேட்ட கதை. லே ஆஃப் பயன்பட வேண்டுமென்றால் வாங்குகிறவனின் பணம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். ஷூல்ட்ஸுக்கு வந்த மாதிரி கள்ள பீர் வியாபாரத்திலிருந்து வந்தால் இன்னும் நல்லது.

அதுதான் 1931 நவம்பரில் நடந்தது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகையை ஒட்டி 527 விழுந்தது. ஹார்லெமே கட்டியிருந்த நம்பர். பெரிய பேங்கர்களான ஜோசப் ஐசன், அலெக்ஸ் பாம்பெஸ் எல்லாருக்கும் ஒரே நாளில் அடி. ஐசன் பட்டுவாடாவுக்கு ஷூல்ட்ஸ் ஆட்களிடம் கடன் வாங்கினார். அவர்கள் வட்டி கேட்கவில்லை, பேங்கில் பங்கு கேட்டார்கள்.

---

தேன்மொழி

கணக்கு அருமை, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பேங்கர்களின் கையிருப்பு ஏன் அந்த நேரத்தில் வற்றிக் கிடந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஆட்களைப் பற்றி. 'கறுப்பினத்தவர்' என்று ஒரே சொல்லில் அடக்கும்போது ஒன்று மறைந்துபோகிறது: பெரிய பேங்கர்களில் பலர் கரீபியத் தீவுகளோடு தொடர்புள்ளவர்கள். ஹோல்ஸ்டீன் செயின்ட் க்ரோய். ஸ்டெஃபனி செயின்ட் கிளேர் குவாடலூப் (மார்ட்டினிக், மார்செய் என்றெல்லாம் எழுதியதை நம்ப வேண்டாம், அவரே பலவிதமாகச் சொல்லிக்கொண்டார்). பாம்பெஸ், ஃப்ளோரிடாவில் குடியேறிய கியூபக் குடும்பம். அமெரிக்கத் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர் பெரும்பாலும் கட்டுகிறவர்கள், எழுதுகிறவர்கள்.

இரண்டாவது, வெளியாட்களின் கண் 1931-க்கு முன்பே விழுந்துவிட்டது. 1928 செப்டம்பரில் ஹோல்ஸ்டீனை வெள்ளையர்கள் சிலர் கடத்தினார்கள். கேட்டது 50,000 டாலர். மூன்று நாளில் விட்டுவிட்டார்கள். பத்திரிகைகள் அதை முதல் பக்கத்தில் போட்டன. ஒரு கறுப்பின மனிதருக்கு இவ்வளவு பணயத்தொகை கேட்கலாம் என்று நகரத்தில் எல்லா ரவுடிக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே ஹோல்ஸ்டீன்தான் 'ஆப்பர்ச்சூனிட்டி' இதழின் இலக்கியப் பரிசுகளுக்குப் பணம் கொடுத்தவர், சொந்தத் தீவுகளைப் புயல் அழித்தபோது உதவி திரட்டியவர். ஹார்லெம் மறுமலர்ச்சி என்ற கறுப்பினக் கலை இலக்கிய எழுச்சியின் கவிஞர்களுக்குப் போன பணத்தில் ஒரு பகுதி இந்த ஒரு சென்ட் கட்டுகளிலிருந்து வந்தது. இதைச் சொல்லாமல் அவரைச் சூதாட்டக்காரர் என்று மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பாது.

மூன்றாவது, முக்கியமானது: சீபரி விசாரணை. 1930-31-ல் நீதிமன்ற ஊழலை விசாரிக்க நீதிபதி சாமுவேல் சீபரி உட்கார்ந்தார். சீர்திருத்தம்தான் நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் அவர் கணக்குப் புத்தகங்களைத் திறந்தபோது வெளியே தெரிந்தது யாருடைய பணம்? பேங்கர் வில்ஃப்ரெட் பிரண்டர் சில ஆண்டுகளில் வங்கியில் போட்டது 17 லட்சம் டாலருக்கு மேல். ஹென்றி மீரோ 12 லட்சத்துக்கு மேல். உடனே வருமான வரித்துறை பாய்ந்தது. மீரோ சிறைக்குப் போனார். பிரண்டர் நாட்டைவிட்டுக் கிளம்பினார், அவர் பேங்கை எடுத்து நடத்தியவர்தான் நீங்கள் சொல்லும் ஐசன். இருந்த பணத்தை வங்கியில் வைக்கப் பயம், வீட்டில் வைக்கவும் பயம். அந்த நிலையில்தான் 527 வந்து விழுந்தது.

செயின்ட் கிளேரும் சீபரி முன் சாட்சி சொன்னார், போலீசுக்கு மாமூல் கொடுத்தும் பிடித்தார்கள் என்று. 1929-லேயே ஹார்லெமின் 'ஆம்ஸ்டர்டாம் நியூஸ்' பத்திரிகையில் காசு கொடுத்து விளம்பரமாகப் போட்டவர் அவர். போலீஸ் வாங்கிய லஞ்சத்தைச் சொல்லி, சட்டப்படி அவர்களை எப்படி எதிர்கொள்வது என்று ஊராருக்கும் எடுத்துச் சொன்னார். அந்தத் துணிச்சலுக்குக் கிடைத்தது கைதும் சிறையும்.

---

ஏடுபிரட்டி

@தேன்மொழி, சீபரியை நான் விட்டது பிழைதான். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: ஏறக்குறைய அதே சமயம், 1930 கடைசியில், கிளியரிங் ஹவுஸ் முழுத் தொகையை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. சூதாட்டத்தை ஒழிக்க எடுத்த நடவடிக்கை. பேங்கர்கள் குதிரைப் பந்தயக் கணக்குக்கு மாறினார்கள். யாரும் தொட முடியாத நம்பர் போய், தொடக்கூடிய நம்பர் வந்தது.

---

கடற்காகம்

அந்த மாற்றத்தை யாராவது விளக்குங்கள். ஷூல்ட்ஸ் கும்பலின் கணக்குப்பிள்ளை 'அப்படாபா' பெர்மன் மனக்கணக்கிலேயே நம்பரை மாற்றினார் என்று படிக்கும்போது மந்திரவாதம் மாதிரி இருக்கிறது.

---

பழையகணக்கு

மந்திரமெல்லாம் இல்லை. ஆனால் அந்த மூளை அசாதாரணமானது.

நியூயார்க்கில் பிற்பாடு நிலைத்துப்போன 3-5-7 முறையை வைத்துச் சொல்கிறேன். டோட்டலைசேட்டர் பந்தயத்தில் எல்லார் பணமும் ஒரே குவியலில் விழும், ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். எந்தக் குதிரையில் பணம் அதிகமோ அதற்குப் பங்கு குறைவு. முதல் மூன்று ரேஸ்களில் 2 டாலர் டிக்கெட்டுக்குக் கிடைத்த முதல், இரண்டாம், மூன்றாம் இடப் பரிசுகளைக் கூட்டுங்கள். 89.40 வந்தால் புள்ளிக்கு இடப்பக்கம் உள்ள 9, முதல் இலக்கம். ஐந்து ரேஸ் வரை கூட்டினால் 154.20, இரண்டாம் இலக்கம் 4. ஏழு ரேஸ் வரை கூட்டி மூன்றாம் இலக்கம்.

ஐந்தாம் ரேஸ் முடிந்ததும் 94 என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பாக்கி பத்து நம்பர்தான்: 940 முதல் 949 வரை. பேங்கில் சீட்டுகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். 947-ல் குவிந்திருக்கிறது. ரேஸ் மைதானத்தில் இருக்கும் ஓட்டோ பெர்மனுக்குப் போன் போகிறது. அவர் ஏழாவது ரேஸின் பணப்பலகையைப் பார்த்து, எந்தக் குதிரையில் கடைசி நிமிஷத்தில் எவ்வளவு போட்டால் பரிசுத் தொகை நகர்ந்து கூட்டல் 7-ல் முடியாமல் போகும் என்று பார்த்துப் பணத்தைப் போடுகிறார். போடும் பணம் போனால் போகட்டும், தப்பிப்பது அதைப் போலப் பல மடங்கு.

இதில் தவறக்கூடியவை நிறைய. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று அவருக்கும் தெரியாது, அதனால் ஜெயிக்க வாய்ப்புள்ள ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வேண்டும். அவருக்குப் பிறகு இன்னொருவர் பெரிய தொகையைப் போட்டால் எல்லாம் கலையும். மொத்தக் குவியல் பெரிதாக இருந்தால் அவர் பணம் கடலில் கரைத்த பெருங்காயம். அதனால் சிறிய மைதானங்கள் தேவைப்பட்டன. நியூயார்க் மாநிலத்தில் 1940 வரை டோட்டலைசேட்டரே கிடையாது என்பதால் நம்பர் எப்படியும் வெளி மாநிலத்து மைதானங்களிலிருந்துதான் வந்தது. சின்சினாட்டி, நியூ ஆர்லியன்ஸ், மயாமி என்று ஷூல்ட்ஸ் கும்பலுக்குச் செல்வாக்குள்ள இடங்கள். பெர்மனால் நினைத்த நம்பரை விழவைக்க முடியாது. மோசமான நம்பரை விலக்க முடியும், அதுவும் எல்லா நாளும் இல்லை. அது போதும். ஆயிரத்தில் ஒன்று என்பது, ஜனங்களுக்குப் பிடித்த நம்பரைப் பொறுத்தவரை இன்னும் அரிதாகிவிட்டது.

இதில் எனக்கு மனம் ஆறாத விஷயம் ஒன்று. ஹோல்ஸ்டீன் காலத்து ஆட்டத்தில் பேங்குக்கு எவ்வளவு லாபம் வைத்திருந்தாலும் நம்பர் சுத்தம். ஷூல்ட்ஸ் வந்த பிறகு அந்த நம்பிக்கையையும் திருடினார்கள், கட்டிய கிழவிக்கு அது தெரியவே தெரியாது.

---

மாடவீதி

இவ்வளவு கணக்கும் சரி, ஆனால் இனம் என்ற விஷயம் ஓரமாகப் போகிறது. கையிருப்புதான் காரணம் என்றால் கறுப்பின பேங்கர் ஏன் வேறு எவனிடமும் கடன் வாங்க முடியவில்லை? அது கணக்கல்ல, நிறம்.

ஜிம்மி ஹைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் ஜனநாயகக் கட்சியைக் கையில் வைத்திருந்த டமனி ஹால் அமைப்பின் மாவட்டத் தலைவர். ஷூல்ட்ஸ் கும்பல் வாரம் 500 டாலரில் தொடங்கி அவருக்குப் படி அளந்தது. பதிலுக்குக் கிடைத்தவை மூன்று: தொந்தரவு கொடுக்கும் போலீஸ்காரர் வேறு இடத்துக்கு மாற்றப்படுவார், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேஸ் தள்ளுபடியாகும், மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம் கண்டுகொள்ளாது. ஹார்லெம் பேங்கர்களும் போலீசுக்குக் கொடுத்தார்கள்தான். ஆனால் அவர்கள் கொடுத்தது பீட் போலீஸ் மட்டத்தில், ஆளுக்காள், மாதத்துக்கு மாதம். மேலே ஒருவரை மொத்தமாகப் பிடிக்க அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஓட்டுக்கு மட்டும் வேண்டியிருந்த ஜனம் அது.

டிக்ஸி டேவிஸ் என்ற வக்கீலையும் மறக்க வேண்டாம். பிடிபட்ட ரன்னர்களுக்காக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சில்லறைக் கட்டணத்துக்கு ஆஜராகிக்கொண்டிருந்தவர். எந்த ரன்னர் எந்த பேங்குக்கு எழுதுகிறான், எந்த பேங்கர் ஜாமீன் கட்ட வருகிறார் என்ற ஜாதகம் முழுக்க அவர் கையில். அந்தத் தகவலோடுதான் அவர் ஷூல்ட்ஸ் பக்கம் போனார். வீட்டுச் சாவி உள்ளேயிருந்தே போனது.

---

ஏடுபிரட்டி

@மாடவீதி, டேவிஸ் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. நிறம் காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. நிறம் எந்த இடத்தில் வெட்டியது என்றுதான் கேட்டேன். நீங்கள் சொன்ன இரண்டும் அந்த இடங்கள்: கடன், மேலிடம்.

ஆனால் ஷூல்ட்ஸ் ஜெயித்த பிறகும் தொழில் அவருக்கு லேசாக நடக்கவில்லை. தெருவில் எழுதினவர்கள் எல்லாம் ஹார்லெம்காரர்கள்தான், வெள்ளைக்காரன் படியேறிப் போய்க் கதவைத் தட்டி நம்பர் எழுத முடியாது. பழைய பேங்கர்களைச் சம்பளக்காரர்கள்போல அதே நாற்காலியில் உட்காரவைத்தார். பிற்பாடு ஷூல்ட்ஸ் மீதான வரி ஏய்ப்பு வழக்கின் செலவு ஏறியபோது ரன்னர்களின் கமிஷனைக் குறைத்தார்கள். ரன்னர்கள் சீட்டைக் கொண்டுவராமல் நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம்தான், வேறு பேர் கிடையாது. வசூல் படுத்துப்போய்க் கும்பல் இறங்கிவர வேண்டியதாயிற்று. துப்பாக்கி வைத்திருந்தும்.

---

தேன்மொழி

அந்த இடத்தில் செயின்ட் கிளேரையும் பார்க்க வேண்டும். அவர் கடைசிவரை ஷூல்ட்ஸிடம் கையெழுத்துப் போடவில்லை. ஷூல்ட்ஸுக்கு இடம் கொடுத்த கடைகளுக்குள் போய்க் கண்ணாடியை உடைத்ததாகவும், மேயர் வரை போய்ப் புகார் சொன்னதாகவும் பேசப்படுகிறது. ஹார்லெம் ரவுடி பம்பி ஜான்சன் அவருக்காகத் தெருவில் நின்றார். பிழைத்தார்கள், ஆனால் ஜெயிக்கவில்லை. அவர் தொழில் சுருங்கிவிட்டது.

1935 அக்டோபர் 23 இரவு நியூவார்க்கில் பேலஸ் சாப்ஹவுஸ் என்ற உணவகத்தில் ஷூல்ட்ஸ் சுடப்பட்டார். பெர்மனும் அதே துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார். சுட்டவர்கள் ஹார்லெம்காரர்கள் அல்ல. அரசு வழக்கறிஞர் தாமஸ் டூயியைக் கொன்றே தீருவேன் என்று ஷூல்ட்ஸ் நின்றதால் மற்றக் கும்பல் தலைவர்களே ஆள் அனுப்பினார்கள். மருத்துவமனையில் கிடந்தவருக்கு செயின்ட் கிளேர் தந்தி அடித்தார்: விதைத்ததை அறுப்பாய் என்ற பைபிள் வாசகம். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அறுவடை அவருக்கு வரவில்லையே. ஹார்லெம் நம்பர் தொழில் நேராக இத்தாலியக் கும்பலிடம், லூச்சியானோ வழியில் வந்த மாஃபியா 'குடும்பத்திடம்' போனது. கிழக்கு ஹார்லெமில் இருந்து மைக் கப்போலா நடத்தினார். பம்பி ஜான்சன் இத்தாலியரோடு சமரசம் செய்து கறுப்பினத்தவருக்கு இடைத்தரகரானார்.

---

கடற்காகம்

அப்படியானால் ஹைன்ஸ்?

---

மாடவீதி

டூயி பிடித்தார். 1938-ல் முதல் விசாரணை பாதியில் ரத்து. மறுவிசாரணையில் சாட்சி சொல்வதற்கு முன் முக்கிய சாட்சி ஜார்ஜ் வைன்பெர்க் காவலில் இருந்தபோதே தற்கொலை செய்துகொண்டார். அவர் முன்பு சொன்ன சாட்சியத்தை வாசித்தே வழக்கை நடத்தி 1939 பிப்ரவரியில் டூயி தண்டனை வாங்கிக் கொடுத்தார். டேவிஸும் பாம்பெஸும் அரசுத் தரப்புக்கு வந்துவிட்டார்கள். ஹைன்ஸ் சிறைக்குப் போனார், ஆனால் ஹைன்ஸ் உட்கார்ந்த நாற்காலி காலியாக இருக்கவில்லை.

1960-க்கு வாருங்கள். ஹார்லெமின் காங்கிரஸ் உறுப்பினர் ஆடம் க்ளேட்டன் பவல், பாதிரியாரும்கூட, ஜனவரியில் நாடாளுமன்றத்திலேயே எழுந்து நம்பர் பேங்கர்களின் பெயர், முகவரி எல்லாம் வாசித்தார். அவர் குற்றச்சாட்டு: போலீஸ் கறுப்பின பேங்கர்களைப் பிடித்து அடைத்துவிட்டு இத்தாலியர்களுக்கு வழிவிடுகிறது. எந்த வடிவத்திலும் நம்பருக்கு நான் எதிரி, ஆனால் அது ஒழியும்வரை இத்தாலியருக்கு உள்ள அதே வாய்ப்பு கறுப்பினத்தவருக்கும் வேண்டும் என்ற பொருளில் பேசினார். சபைக்குள் பேசியதற்கு வழக்குப் போட முடியாது. அதையே மார்ச்சில் தொலைக்காட்சியில் பேசி, ஹார்லெம் பெண் ஒருவரைப் போலீசுக்கு மாமூல் சுமப்பவர் என்று பெயர் சொல்லிவிட்டார். அந்தப் பெண் அவதூறு வழக்குப் போட்டார், 1963-ல் ஜூரி 2,11,500 டாலர் கொடுக்கச் சொன்னது. பவல் கட்டாமல் இழுத்தடித்தார். கைது வாரண்டுக்குப் பயந்து, வாரண்டை நிறைவேற்ற முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சொந்தத் தொகுதிக்கு வந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போனார். 1967-ல் சபை அவரை உட்காரவிடாமல் வெளியேற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பவல் மிகைப்படுத்தினாரா? 1972-ல் நியூயார்க் போலீஸ் ஊழலை விசாரித்த நாப் கமிஷனின் அறிக்கை வந்தது. மஃப்டி போலீசார் ஒவ்வொரு சூதாட்ட இடத்திலும் மாதம் 3,500 டாலர் வரை மாமூல் வசூலித்துச் சமமாகப் பங்கிட்டார்கள். ஒரு போலீஸ்காரரின் மாதப் பங்கு மிட்டவுனில் 300 முதல் 400 டாலர், ஹார்லெமில் 1,500. அந்த ஒரு எண்ணைப் பாருங்கள்.

---

பழையகணக்கு

சிகாகோவையும் ஒரு வரி சொல்லாவிட்டால் இழை முழுமையாகாது, ஏனென்றால் ஏடுபிரட்டியின் வாதத்துக்கு அது எதிர்சாட்சி. அங்கே பழைய பாலிசி ஆட்டம்தான், 78 நம்பர் கொண்ட உருளை. அதை நடத்திய கறுப்பின ஜோன்ஸ் சகோதரர்களுக்குப் பணத்துக்கும் பஞ்சமில்லை, அரசியல் ஆதரவுக்கும் பஞ்சமில்லை. எட்வர்ட் ஜோன்ஸ் சிறையில் இருந்தபோது அதே சிறையில் இருந்த மாஃபியா ஆள் சாம் ஜியான்கானாவிடம் தொழிலின் லாபத்தைப் பற்றிப் பேசினார். 1946-ல் ஜோன்ஸையே கடத்தி 1,00,000 டாலர் வாங்கினார்கள். அவர் மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்தார். அவர்களுடைய கூட்டாளி தியடோர் ரோ மட்டும் நின்றார். 1951-ல் தன்னைக் கடத்த வந்தவர்களில் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். 1952 ஆகஸ்டில் வீட்டு வாசலில் கொல்லப்பட்டார். இங்கே கையிருப்பு தோற்கவில்லை, நேரடி வன்முறைதான்.

---

ஏடுபிரட்டி

ஒப்புக்கொள்கிறேன். சிகாகோவில் என் வாதம் நிற்காது. ஹார்லெமோடு நிறுத்திக்கொள்கிறேன்.

---

கடற்காகம்

கியூபர்கள் கதை? 1980-களில் கடைகளை எரித்தார்களே.

---

தேன்மொழி

ஹோசே மிகேல் பாட்லே. ஹவானாவில் போலீஸ்காரராக இருந்தவர், காஸ்ட்ரோவுக்கு எதிரான 1961 பிக்ஸ் வளைகுடாப் படையெடுப்பில் போய்ப் பிடிபட்டு விடுதலையானவர். நியூஜெர்சியின் யூனியன் சிட்டியில் குடியேறிய கியூபர்களிடையே 'பொலீட்டா' என்ற நம்பர் ஆட்டத்தை நடத்தினார். இத்தாலியக் குடும்பங்களோடு சண்டை போடவில்லை, பங்கு கொடுத்து அனுமதி வாங்கினார். அவர் அமைப்புக்கு 'கார்ப்பரேஷன்' என்றே பெயர்.

தகராறு தொடங்கியது ஓர் எளிய விதியில். ஏற்கெனவே உள்ள கடையிலிருந்து இரண்டு பிளாக் தூரத்துக்குள் புதுக் கடை திறக்கக் கூடாது. நம்பர் கடையின் வாடிக்கையாளர் தூரம் நடக்க மாட்டார், எதிரே இன்னொன்று திறந்தால் வசூல் பாதியாகிவிடும். லுக்கேஸி குடும்பத்தின் ஆதரவில் இருந்த கடைகளும் கார்ப்பரேஷன் கடைகளும் இந்த எல்லையை மாறி மாறி மீறின. 1980-களின் நடுவில் தீவைப்பாக மாறியது. கடைக்கு மேலே குடித்தனங்கள் இருந்த கட்டடங்கள் அவை. சம்பந்தமே இல்லாதவர்கள் செத்தார்கள், குழந்தை உட்பட. 1985-ல் அதிபரின் குற்ற ஆணையம் இதை விசாரித்தது. பாட்லே மீதான பெரிய வழக்கு 2004-ல்தான் வந்தது. 2007-ல் இறந்தார்.

---

மாடவீதி

அரசாங்கமே 1980-ல் நியூயார்க்கில் தினசரி மூன்று இலக்க லாட்டரி தொடங்கியும் இந்தக் கடைகள் சாகவில்லை என்பதைக் கவனியுங்கள். அரசு கொடுப்பது 500 மடங்கு, தெருவில் 600. தெருவில் கடனுக்கு எழுதுவார்கள், வரிப் பிடித்தம் இல்லை, வீட்டுக்கே வருவார்கள். போதாததற்கு அரசு நம்பரையே தெருக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். சுத்தமான நம்பர் மறுபடியும் இலவசமாகக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்த பிறகு கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று இலக்கத்தில் கட்டும் 'மூணு நம்பர்' நடப்பதும் இதே உபாயம்தான். பம்பாய் மட்கா முதலில் நியூயார்க் பருத்திச் சந்தை விலையில் ஓடியதும் அதே. எவனும் கைவைக்க முடியாத நம்பரை வெளியிலிருந்து கடன் வாங்குவது.

---

கடற்காகம்

கடைசியாக ஒன்று. 527-ல் அடிபட்ட பாம்பெஸ் என்ன ஆனார்?

---

பழையகணக்கு

1937-ல் டூயியின் ஆட்கள் வந்தபோது மெக்சிகோவுக்குத் தப்பினார். பிடிபட்டு, சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டு திரும்பினார். நம்பர் தொழிலை விட்டார். ஏற்கெனவே கறுப்பினத்தவரின் பேஸ்பால் லீகில் 'நியூயார்க் கியூபன்ஸ்' அணியின் உரிமையாளர் அவர். அந்த வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். பிறகு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக லத்தீன் அமெரிக்காவில் ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்தார். 2006-ல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.